பெரிய புராணமும் பள்ளி மாணவர் எழுதும் வரலாற்றுக் கட்டுரையும்

தெய்வச் சேக்கிழார் பெருமான் அருளிச்செய்த திருத்தொண்டர் புராணம் திருக்கோயிலிலும் திருமடத்திலும் ஓதப்பெறுவதோடு, பள்ளிக்கூடத்திலும் பயிலப்பெறும் நூலாய் நிலவி வருவது சைவ நன்மக்கள் யாவரும் மகிழத்தக்கதாகும். ஆயினும் அப்பயிற்சி எவ்வாறு நிகழ்கின்றது என்று சிறிது நின்று நோக்குவார்க்கு மகிழ்ச்சியோடு கவலையும் ஒருங்கு தோன்றும். ஆசிரியர் ஒரு நாயனாரின் பெயரைக் கூறி, அவரைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதி வருமாறு பணிக்கின்றார். மாணவன் கதைச் சுருக்கம் ஒன்றைத் தேடி எடுத்து, ஊர், குலம், தொண்டு, முத்தி என்னும் நான்கனையும் வரிசைப்பட எழுதி முடிக்கின்றான். தேர்வு கழிந்த மறுநாளே அந்நான்கும் அவன் நெஞ்சைவிட்டு நீங்குகின்றன. சேக்கிழாரின் செய்யுளொன்றனையேனும் அவன் வாய்விட்டுப் படித்திலன். இந்நூலின் வரலாறு இன்னதென்பதும் அவனுக்குத் தெரியாது.

இக்குறையை நீக்குதற்கு வழி உண்டோ என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாயன்மார் வரலாற்றை வரலாற்று முறையில் ஆராய்வது பத்திமைக்கு இழுக்காகும் என்று அஞ்சுவோர் சிலர் உளர். பத்திமை நூலில் வரலாறு தேடுவது வீண் என்று இகழ்வோரும் சிலர் உளர். இவ்விரு சாராரும் கருதுவது பொருந்தாது என்பதனையும், முறைப்படி கற்கும் மாணவனுக்கு ஆராய்ச்சியே அன்புக்கு வாயிலாகும் என்பதனையும் ஈண்டு எடுத்துக்காட்ட முயல்வோம்.

நூல் பள்ளிக்கு வந்த வகை

பெரிய புராணம் எழுந்த வரலாறே ஒரு கல்வி வரலாறாக நமக்குச் சொல்லப்பட்டு வருகின்றது. சோழ மன்னன் சீவக சிந்தாமணியின் சுவையில் ஈடுபட்டிருந்தபோது, அவன்பால் அமைச்சராய் விளங்கிய சேக்கிழார், கற்கத்தக்கது சிவனடியார் வரலாறே எனக் கூறி அவன் உள்ளத்தைத் திருப்பினார் என்றும், பின்னர் தில்லையில் அந்நூலை இயற்றி, ஒரு சித்திரைத் திருவாதிரை தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரைகாறும் ஓராண்டு முழுவதும் விரித்துரைத்தார் என்றும் சேக்கிழார் புராணம் கூறும். நூலினுள் பல இடங்களில் போற்றப்பெறும் அநபாயன், 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்கனே என்பது அறிஞர் பலர் துணிபு. மன்னன் ஓராண்டு இருந்து கேட்டதாகக் கூறப்படும் நூலை நம் மாணவன் ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிட எண்ணுகின்றான் என்பதனை ஆசிரியர்கள் நினைவிற் கொள்ளுதல் நன்று.

பன்னெடுங்காலம் இந்நூல் ஏட்டுச் சுவடிகளில் இருந்தது. கற்றார் படிக்க, மற்றையோர் கேட்டு வந்தனர். அச்சுப் பொறியும் புதுமுறைப் பள்ளிக்கூடமும் தோன்றியபின், கேட்டறியும் நிலை மாறித் தானே படித்தறியும் நிலை வந்தது. இம்மாற்றத்தின் தன்மையை முற்பட உணர்ந்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் (1822–1879). அவர் வெசிலியன் மிஷன் பள்ளியிற் கற்று, அங்கேயே கற்பித்தும் இருந்தவர். பேர்சிவல் பாதிரியார் மேற்கொண்ட விவிலிய மொழிபெயர்ப்புக்கு உறுதுணையாய் நின்றவர். ஒரு சமயத்தின் நூல் எளிய உரைநடையில் அச்சாகிச் சிறுவர் கையிற் சேர்ந்தால் விளைவது யாது என்பதனை அவர் அருகிருந்து கண்டார். கண்டவர், 1848-ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டிலே சென்னைக்குப் போந்து அச்சியந்திரம் வாங்கிச் சென்றார். 1852-ஆம் ஆண்டில் பெரியபுராண வசனத்தை வெளியிட்டார்.

அவ்வசனம் தமிழ் உரைநடை வரலாற்றிலும் சைவக் கல்வி வரலாற்றிலும் ஒரு மைல்கல் என்பதில் ஐயமில்லை. எனினும் அஃது ஏணியேயன்றி மாடமன்று. நாவலரவர்கள் வசனத்தோடு அமையாது, ஒவ்வொரு புராணத்தின் உட்கருத்தையும் விளக்கப் பெரியபுராண சூசனமும் எழுதினார்கள் என்பதே, கதையறிவோடு கல்வி முற்றுப்பெறாது என்பது அவர்கள் கருத்து என்பதனைக் காட்டும். பின்னர்க் கோவை சி. கே. சுப்பிரமணிய முதலியாரவர்கள் செய்யுள்தோறும் விரிவுரை வரைந்தார்கள். அவ்வுரை 1930-களில் அச்சேறத் தொடங்கி 1950-களில் ஏழு பகுதிகளாய் நிறைவெய்தியது. செய்யுளைக் கண்டு அஞ்சி விலகுதற்கு மாணவனுக்கு இனி இடமில்லை.

நூலின் அமைப்பு

கட்டுரை எழுதப் புகும் மாணவன் முதற்கண் அறியவேண்டுவது, இந்நூல் அறுபத்துமூன்று தனிக்கதைகளின் தொகுப்பன்று என்பதே. இது பெருங்காப்பியம், இதற்குத் தலைவர் சுந்தரமூர்த்தி சுவாமிகள். கயிலையில் தொடங்கும் திருமலைச் சருக்கம் முதலாகவும், சுவாமிகள் வெள்ளானைமேற் கயிலைக்கு மீளும் வெள்ளானைச் சருக்கம் ஈறாகவும் பதின்மூன்று சருக்கங்கள் இதில் உள்ளன. இடைநின்ற பதினொரு சருக்கங்களும் சுவாமிகள் திருவாரூரிற் பாடிய திருத்தொண்டத் தொகையின் பதினொரு பாட்டுக்களையும் முறையே பின்பற்றி, அவற்றின் தொடக்கச் சொற்களையே தம் பெயராகக் கொண்டன. ஆகவே அடியார்களை ஒருவர்பின் ஒருவராக நிறுத்திய வரிசை சேக்கிழார் தாமே வகுத்ததன்று. சுவாமிகள் வணங்கிய வரிசையே அது. யாதானும் ஒரு நாயனார் புராணத்தைப் படிப்பவன், சுந்தரர் அவரை வணங்கக் கேட்டு அதன் காரணத்தைச் சேக்கிழார்பால் அறிகின்றான் என்று கொள்ளுதல் பொருந்தும்.

செய்யுட்டொகையிலும் ஒரு பாடம் உண்டு. நூலின் செய்யுள் 4,253 என்று பழைய வரலாற்று நூல் கூற, இக்காலப் பதிப்புக்களில் 4,286 செய்யுட்கள் காணப்படுகின்றன. ஏடு பெயர்த்தெழுதுவோர் கைப்பட்டு வந்த நூலில் இத்தகைய வேறுபாடு இயல்பே. ‘பிள்ளை பாதி, புராணம் பாதி’ என்னும் பழமொழியையும் மாணவன் கேட்டிருப்பான். திருஞானசம்பந்தர் புராணம் 1,256 செய்யுட்களை உடையது. அது பாதியாகாது, மூன்றில் ஒரு பங்கினும் சிறிது குறைவே. பழமொழி பெருமையைச் சொல்லியது. கணக்கு அளவைச் சொல்லியது. இரண்டும் தத்தம் நிலையில் உண்மை. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவன் வரலாற்றாராய்ச்சியின் முதற்படியில் கால்வைத்தவனாவான்.

மெய்ப்பொருள் நாயனார்: ஓர் எடுத்துக்காட்டு

இனி, ஆராயும் முறையை ஒரு நாயனார் வரலாற்றின்மேல் வைத்துக் காட்டுவாம். மெய்ப்பொருள் நாயனார் திருக்கோவலூரிலிருந்து சேதி நாட்டை ஆண்ட குறுநில மன்னர். போரில் அவரை வெல்லமாட்டாத முத்தநாதன், திருநீறு பூசிய அடியார் வேடம் புனைந்து, ஏட்டுக்கட்டினுள் படைக்கலத்தை மறைத்து உட்புகுந்து அவரைக் குத்தினான். காவலனாகிய தத்தன் வாளோங்க, நாயனார் ‘இவர் நம்மவர்’ என்று கூறித் தடுத்தார். இது யாவரும் அறிந்த கதை. இக்கதை நம்மிடம் வந்துசேர்ந்த படிகளை மாணவன் ஒவ்வொன்றாகக் காணவேண்டும்.

முதற்படி திருத்தொண்டத் தொகை. அதில் இந்நாயனாரைக் குறிப்பது ஒரு சிறு தொடரே. கதை யாதும் அதில் இல்லை. வெல்லுதலில் மிக வல்லவர் என்னும் புகழ் மட்டும் உண்டு. பகைவன் கையால் மடிந்த ஒருவரை வெல்ல வல்லவர் என்று சுவாமிகள் போற்றுவானேன் என்னும் வினா ஈண்டு எழவேண்டும்.

இரண்டாம்படி நம்பியாண்டார் நம்பிகள் அருளிய திருத்தொண்டர் திருவந்தாதி. அதில் இந்நாயனாருக்கு ஒரு செய்யுள் உள்ளது. பொய்த்தவ வேடத்தான் ஒருவன் குத்தியதும், தத்தனை நோக்கி நாயனார் கூறிய மொழியும், அவர் சேதி நாட்டு வேந்தர் என்பதும் அதனால் விளங்கும்.

மூன்றாம்படி ஒரு கல்வெட்டு. முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெருவுடையார் கோயிலில், அக்கோயிற் காரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்தவேளான், அம்மன்னனது 29-ஆம் ஆட்சியாண்டிற்குள் அடியார்களின் செப்புத் திருமேனிகள் சிலவற்றை எழுந்தருளுவித்தான். அவற்றுள் ஒன்று மிலாடுடையார் திருமேனி. இவர் இன்னார் என்று காட்டுதற்கு, தத்தனை விளித்து அவர் கூறிய அம்மொழியையே கல்வெட்டு அடையாளமாகப் பொறித்துள்ளது. சேக்கிழார் காலத்துக்கு நூறாண்டுகளுக்கு மேல் முற்பட்டே, அவ்வொரு சொல்லைச் சொன்ன அளவில் இந்நாயனாரை மக்கள் அறிந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படும். சேக்கிழார் கற்பனையாகக் கதை புனைந்தார் என்று கூறுவார்க்கு இக்கல்லே விடையாகும்.

நான்காம்படி பெரிய புராணம். நம்பிகளின் செய்யுளிற் காணப்படாத ஒன்றை மாணவன் இங்கே காண்பான். குத்தியவனைக் கொல்லாது விடுக என்று கூறிய அளவில் நாயனார் அமைந்தாரல்லர். ஊரார் சினங்கொண்டு வளைப்பர் என்றுணர்ந்து, அவனுக்கு இடையூறு நேராவண்ணம் ஊர்ப்புறம் கொண்டுபோய் விடுமாறு தத்தனையே ஏவினார். தத்தன் சென்று, வெகுண்டெழுந்தோர்க்கு அரசன் ஆணையை உரைத்து விலக்கி, அவனை எல்லை கடத்தி மீண்டுவந்து கூறுமளவும், பிரியும் உயிரைத் தாங்கியிருந்தார். செய்தி கேட்டபின்னரே தத்தனைப் பாராட்டி, திருநீற்றன்பைப் பாதுகாக்குமாறு தம் மைந்தர்க்கும் சுற்றத்தார்க்கும் பணித்து, இறைவனைச் சிந்தித்தார்.

இந்நான்கு படிகளையும் கண்ட மாணவனுக்கு முதல் வினாவின் விடை தானே புலனாம். நாயனார் வென்றது பகைவனையன்று, பகைமையையே வென்றார். சுந்தரர் ஒரு சொல்லில் அடக்கிய அவ்வெற்றியைச் சேக்கிழார் நிகழ்ச்சியாக விரித்து நம் கண்முன் நிறுத்தினார். கதைச் சுருக்கம் படித்தவன் ‘அரசர் மன்னித்தார்’ என்று எழுதுவான். மூலத்தைப் படித்தவனோ, குத்துண்டு குருதி சோர நிற்கும் ஒருவர் குத்தியவனது வழிப்பயணத்தைப் பற்றிக் கவலையுற்றார் என்று எழுதுவான். இதுவே இரு கட்டுரைகளுக்கும் உள்ள வேற்றுமை.

கல்லும் சொல்லும்

இத்தகைய சான்றுகள் வேறு சிலவும் உள. தஞ்சைப் பெருங்கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர் காலத்து ஓவியப் பூச்சின் கீழே மறைந்திருந்த சோழர் ஓவியங்கள் 1931-ஆம் ஆண்டில் வெளிப்பட்டன. முதியவராய் வந்த இறைவன் ஓலை காட்டிச் சுந்தரரை வழக்காடி ஆட்கொண்டதும், சுந்தரர் ஆனைமேலும் சேரமான் பெருமாள் குதிரைமேலும் கயிலை செல்வதும் அங்கே தீட்டப்பட்டுள்ளன. சேக்கிழார் பிறப்பதற்கு முன்னரே காப்பியத்தின் தொடக்கமும் முடிவும் சுவரில் எழுந்துவிட்டன என்பது எண்ணுதொறும் வியப்புத் தருவதாகும். அநபாயனுக்குப் பின் ஆண்ட இரண்டாம் இராசராசன் தாராசுரத்தில் எடுத்த கோயிலிலோ, நாயன்மார் வரலாறுகள் சிறு சிறு சிற்பங்களாகப் பெயர்ப் பொறிப்புடன் வரிசையாக அமைந்துள்ளன.

சிறுத்தொண்ட நாயனார் வாதாபி நகரை அழித்து மீண்ட படைத்தலைவர் என்று சேக்கிழார் கூறுவர். எம்மன்னன் பொருட்டு என்று பெயர் கூறிற்றிலர். பல்லவன் முதலாம் நரசிங்கவர்மன் 642-ஆம் ஆண்டில் வாதாபியைக் கைக்கொண்டதும், அந்நகரத்துப் பாறையில் அவன் கல்வெட்டு இருப்பதும் பிற்கால ஆராய்ச்சியால் தெரியவந்தன. திருச்செங்காட்டங்குடிப் பதிகத்துள் சம்பந்தப் பெருமான் சிறுத்தொண்டரைப் பெயர் சுட்டிப் பாடுதலின், பெருமானும் அவரும் ஒரு காலத்தவர் என்பது தேவாரத்தாலே துணியப்படும். ஆகவே பெருமான் காலம் ஏழாம் நூற்றாண்டு என்பது தேவாரம், புராணம், கல்வெட்டு என்னும் மூன்றும் ஒத்து உரைக்கும் முடிவாகும். அவ்வாறே, அப்பர் அடிகளால் சைவம் சார்ந்த பல்லவன் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்று புராணம் கூற, குணபரன் என்னும் பெயர் மகேந்திரவர்மனது பட்டமாகத் திருச்சிராப்பள்ளி மலைக் குகைக் கல்வெட்டிற் காணப்படுகின்றது. ஐந்நூறாண்டுகளின் பின் எழுதிய புலவர் இப்பெயரைப் பிழையறக் கூறியது அவர்தம் ஆராய்ச்சியின் அருமையைப் புலப்படுத்தும்.

ஆராய்ச்சியில் அஞ்சாமை

சான்று கிடைத்த இடத்தில் மகிழ்வது எளிது. கிடைக்காத இடத்தும் நடுவுநிலை பிறழாமையே கல்வியின் பயன். மதுரையில் வாதில் தோற்ற சமணர் கழுவேறினர் என்பது நம்பிகள் நூலிலும் சேக்கிழார் நூலிலும் உள்ளது. அந்நிகழ்ச்சியைச் சம்பந்தப் பெருமான் தம் பதிகங்களில் கூறிற்றிலர். பாண்டி நாட்டுக் கழுகுமலையில், அதற்குப் பிற்பட்ட எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளிற் செதுக்கப்பட்ட சமணத் திருவுருவங்கள் பெயர்ப் பொறிப்புக்களுடன் இன்றும் காணக்கிடக்கின்றன. அந்நாட்டில் சமணம் தொடர்ந்து நிலவியது என்பது அவற்றால் தெளிவு. இவற்றை மாணவன் மறைக்கவேண்டுவதில்லை. மறைக்குமாறு ஆசிரியர் கற்பித்தலும் ஆகாது. பெருமான் பாடியது இது, பின்னோர் உரைத்தது இது, கல் காட்டுவது இது என்று பிரித்து எழுதுவதே முறை. உண்மைக்கு அஞ்சும் அன்பு உறுதியுடையதாகாது.

சிறுத்தொண்டர் மகவை அமுதாக்கிய வரலாற்றைப் படிக்கும் இளஞ்சிறுவன், ‘இது தகுமோ?’ என்று கேட்பான். அவனைச் சினந்து அடக்குதல் தகாது. அவ்வினா இன்றியே அப்புராணத்தைக் கடப்பவன் அதனைப் படித்தவனாகான். கேட்போர் நெஞ்சு நடுங்கும்படியே சேக்கிழார் அதனைப் பாடியுள்ளார். எல்லா உடைமையினும் அரியது மகவு. அதனையும் தம்முடையது என்று கொள்ளாத நிலையை அது காட்டுகின்றது. இறுதியில் மகவு பள்ளியினின்று ஓடிவருவான் போல மீண்டு வருகின்றான். பின்பற்றிச் செய்யத்தக்க செயலாகவன்றி, பற்றற்ற அன்பின் எல்லையை அளக்கும் கோலாகவே அது நிற்கின்றது என்று ஆசிரியர் விளக்குவாராயின், சிறுவன் ஏற்பினும் ஏற்கத் தயங்கினும், சிந்தித்தவனாவான்.

1943-ஆம் ஆண்டில் கம்பராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் தீயிலிடுதல் வேண்டும் என்னும் வாதம் எழுந்து, சென்னைச் சட்டக் கல்லூரியில் சி. என். அண்ணாதுரையவர்களும் ரா. பி. சேதுப்பிள்ளையவர்களும் எதிரெதிர் நின்று சொற்போர் நிகழ்த்தினர். அவ்வாதத்தைப் புதுப்பிப்பது நம் கருத்தன்று. ஒரு நூலைப் போற்றுதற்கும் தூற்றுதற்கும் முன்னர் அதனைக் கற்றிருத்தல் வேண்டும் என்னும் பொதுநெறியையே அதனின்று நாம் கொள்ளுகின்றோம். பள்ளியிற் கதைச் சுருக்கம் மட்டும் படித்து வெளிவரும் தலைமுறைக்கு இந்நூலின் மேல் மதிப்பும் இராது, மறுப்பும் இராது; மறதி ஒன்றே இருக்கும். அம்மறதி எவருடைய மறுப்பினும் கொடியது.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

ஆதலின் தமிழாசிரியர்க்கும் சைவ பாடசாலைகளை நடத்துவோர்க்கும் நாம் பணிவுடன் கூறுவது இது. ஓராண்டில் பல நாயன்மாரை மேலோட்டமாகக் கற்பிப்பதனினும் ஒருவரையே நன்கு கற்பித்தல் சாலும். மெய்ப்பொருள் நாயனார் புராணம் போன்ற சிறிய புராணம் ஒன்றை எடுத்துக்கொள்க. செய்யுளைச் சீர்பிரித்து வகுப்பில் உரக்கப் படிப்பிக்க. பின் வசனத்தையும் உரையையும் துணையாகக் கொண்டு பொருள் காண்பிக்க. திருத்தொண்டத் தொகையில் அந்நாயனாரைக் குறிக்கும் தொடரையும், திருவந்தாதிச் செய்யுளையும் அருகில் எழுதி வைப்பிக்க. எது முன்னையது, எது பின்னர் விரிந்தது என்று மாணவரே கண்டு குறிக்கட்டும். அந்நாயனார் ஊரோ, அவர் திருவுருவம் உள்ள கோயிலோ அண்மையில் இருப்பின் அழைத்துச் சென்று காட்டுக. இவற்றின் பின்னரே கட்டுரை எழுதப் பணிக்க. அக்கட்டுரை இரண்டு பக்கமே ஆயினும் அதில் ஒரு வினாவும், அதற்கு மாணவன் தானே தேடிக்கண்ட ஒரு விடையும் இருத்தல் வேண்டும்.

இவ்வாறு ஒரு புராணத்தைக் கற்றவன் மற்றவற்றைத் தானே நாடிச் செல்வான். நாவலரவர்கள் 1852-இல் வைத்த ஏணி இன்னும் உறுதியாகவே நிற்கின்றது. அதன் முதற்படியிலேயே நம் சிறுவரை நிறுத்திவிடாது, செய்யுள் என்னும் மாடத்துக்கு ஏற்றிவிடுதல் நம் கடன். அடியார் பெருமையை அறிந்த அன்பாலும் ஆராய்ந்த அறிவாலும் அவர் உள்ளம் நிறைவதாக.

திருச்சிற்றம்பலம்.